ஆணி அடிக்காத வீடு

நான் மாடிப்படி இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. வந்தது கீழ் வீட்டுக்கு. நான் படுத்துக் கிடந்தது மாடியில்.

கே.கே. நகரில் என் மாமனார் கட்டிய வீடு அது. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு கீழே என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும், மேலே நாங்கள் இருவரும். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அவருக்குக் குழந்தை இல்லை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி எது என்பது புகுந்த வீட்டில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஒன்று உண்டாகிப் போயிருந்தது. முந்தின வருஷம், ஆறாம் மாதத்தில், பெண் குழந்தை. அழவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. கணவர் எடுக்கவில்லை. வாடிப்பட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து போன அம்மாவும் எடுக்கவில்லை. எடுத்தால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தார்கள். நான் ஏற்கெனவே உடைந்துதான் இருந்தேன். அவர்கள் வாயை மூடிக்கொண்டதால் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

அப்போது நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப் காலியாக இருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். பிள்ளையை இழந்த பெண்கள் எழுதும் இணையப் பக்கம். எந்தெந்த ஊர்க்காரிகளோ, தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட இன்னொருத்தியிடம், கவலைப்படாதே, அடுத்தது பிறக்கும் என்று சொல்லவில்லை. உன் குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்தாய் என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லாத பெயரை அங்கே தட்டச்சு செய்தேன். பிறகு லேப் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அந்த வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானேன். நான்காம் மாதத்தில் கருப்பை வாயில் தையல் போட்டார்கள். "கட்டிலை விட்டு எந்திரிக்காதம்மா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, மாடிப்படி பக்கமே போகாத" என்றார் டாக்டரம்மா. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் வாடிப்பட்டி ரோட்டில் பஸ் போகும் குலுக்கலை நினைத்தாலே எல்லோருக்கும் நடுக்கம். கல்லூரிக்கு லீவு போட்டேன். லேபும் போயிற்று, குழுவும் போயிற்று. இதுவும் போய்விடுமோ என்ற பயம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதை வீட்டில் வாய் திறந்து சொல்லிவிட முடியாது. "வாயக் கழுவு" என்பார்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், அம்மா அப்படித்தான் சொன்னாள்.

அதனால்தான் எனக்கு அந்த இணைப்பு மாடிக்கு வந்தாக வேண்டியிருந்தது.

வந்த லைன்மேனிடம் அதைச் சொல்லித்தான் கணவர் கூட்டி வந்தார். கீழ் ஹாலில் மோடத்தை வைத்துவிட்டு, சுவரில் ஒரு ஓட்டை போட்டு வயரை மாடிக்கு ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. நான் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். டிரில்லிங் மிஷின் ஒருமுறை 'டர்ர்' என்றது. நின்றுவிட்டது. அதற்கப்புறம் அக்காவின் குரல் மட்டும் படியேறி வந்தது.

"அண்ணே, அந்த மிஷின எடுத்துப் பைக்குள்ள வைங்க. வீட்டுல மாசமான புள்ள இருக்கு. செவுத்துல ஓட்டை போடக்கூடாது."

மதுரைப் பக்கம் இந்த வழக்கத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், சுவரை இடிக்க மாட்டார்கள், குழி தோண்ட மாட்டார்கள். அடித்தால் அது வயிற்றில் விழும் என்பார்கள். லைன்மேனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மிஷினைப் பைக்குள் வைத்துவிட்டார். வெளிச்சுவர் வழியாக வயரைக் கொண்டுவர முடியாதா என்று கணவர் கேட்டார்.

"கிளிப் அடிக்காம நிக்காது சார். கிளிப்புன்னா அதுவும் ஆணிதான். சும்மா தொங்கவிட்டா இந்த ஆடிக் காத்துக்கு அத்துக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மேலே வந்த கணவரிடம் நான் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்றால் படுத்தபடிதான். "ஒரு ஓட்டையிலயா புள்ள போயிரும்? படிச்ச மனுசன் நீங்களும் பேசாம நின்னுட்டு வாரீங்க?"

"போகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அண்ணி இம்புட்டு அழுத்தமா எதையும் சொன்னதில்ல. அண்ணனே வாயத் தொறக்கல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மற்ற விஷயங்களில் அக்கா யார் வழிக்கும் போகாதவர். வேளாவேளைக்குச் சோறு, ரசம், கீரை என்று தூக்குவாளியில் மாடிக்கு வந்துவிடும். கட்டில் விரிப்பை மாற்றுவார், என் தலையைப் பின்னிவிடுவார். ஆனால் உட்கார்ந்து பேச மாட்டார். வேலை முடிந்ததும் படியிறங்கிவிடுவார். என் வயிற்றைப் பார்க்காமலே என்னைப் பார்த்துக்கொள்ளும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. "அவளுக்குப் பொறாமையா இருக்கும்டி, நீ வெள்ளிக்கெழம சுத்திப் போடு" என்று அம்மா காதோடு சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிவாதக்காரி என்று மட்டும் நினைத்தேன். அந்த விஷயத்தில் நானும் சளைத்தவளில்லை.

வயர் கூடாது என்றால் வயரில்லாமல் வரட்டும் என்றேன். கணவர் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு வயர்லெஸ் ரவுட்டரும், கம்ப்யூட்டரில் செருகும் விரலளவு யு.எஸ்.பி. குச்சி ஒன்றும் வாங்கி வந்தார். ரவுட்டரைக் கீழ் ஹாலில் ஷோகேஸ் மேல் வைத்தார். அவர் வேலை பார்க்கும் பைக் ஷோரூம் நண்பர் ஒருவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் கட்டில் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். சிக்னல் தாராளமாக வந்தது. தளத்தைத் தாண்டி, ஒரு ஓட்டை இல்லாமல், ஒரு ஆணி இல்லாமல் வந்தது. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் கம்ப்யூட்டரில் குச்சியைச் செருகினால், அது சவம் மாதிரி கிடந்தது. விளக்குகூட எரியவில்லை.

காரணம் என்னிடம்தான் இருந்தது. கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்த திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டர் ஆளைப் பார்த்தாலே அணையும் நிலைக்கு வந்திருந்தது. படுக்கையில் விழுவதற்குச் சில வாரம் முன்பு அதை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. பாட்டு, படம், தட்டச்சு எல்லாம் குறையில்லாமல் ஓடியது. குச்சியோடு வந்த, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளோ விண்டோஸுக்கானது. லினக்ஸ் என்ற வார்த்தையே அந்த டப்பாவில் எங்கும் இல்லை.

"பேசாம பழையபடி விண்டோஸையே போட்டுருவமா?" என்றார் கணவர்.

"மாட்டேன்" என்றேன். பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுப்பவள் நான். ஒரு குச்சிக்காக வீட்டில் தோற்றுப் போவதா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவர் முணுமுணுத்தார். என் காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

மானிட்டரை மேஜையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கீபோர்டைத் தலையணை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டினேன். குச்சிக்குள் இருப்பது என்ன சிப் என்று லினக்ஸைக் கேட்டால், எண்ணும் எழுத்துமாக ஒரு அடையாளம் சொன்னது. அதை ஒரு காகிதத்தில் எழுதி, பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். விண்டோஸுக்காக எழுதிய டிரைவரை லினக்ஸுக்குள் போர்த்தி ஓடவைக்கும் ஒரு சின்ன நிரல் இருப்பதாகவும், அதைப் போட்டால் இந்தக் குச்சி பிழைத்துக்கொள்ளும் என்றும் செய்தி வந்தது. அந்த நிரலை இறக்குவதற்கு இணையம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

பென் டிரைவில் அவர் ஒன்றை இறக்கிக்கொண்டு வருவார். அது இன்னொன்றைக் கேட்கும். மறுநாள் சாயங்காலம் அந்த இன்னொன்று வரும். அது வேறு பதிப்பு என்று சொல்லி லினக்ஸ் ஏற்க மறுக்கும். மனிதர் ஷோரூமில் பைக் விற்றுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்பார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. நான் எழுதிக் கொடுத்ததை மருந்துச் சீட்டு மாதிரி நீட்டுவார். பிரவுசிங் சென்டர்காரர், "அண்ணே, வீட்ல ஆருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாராம். இருவரும் அன்றைக்குச் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கடைசியில் ஒருநாள் குச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அருகில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். ஒன்றுமில்லை என்றது. மறுபடி தேடினேன். ஒன்றுமில்லை.

டிரைவர் அரைகுறையாக ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றினேன். கட்டளைகளை மாற்றினேன். குச்சியை முன்பக்கம் செருகினேன், பின்பக்கம் செருகினேன், நீள வயர் வைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஊர் பேர் தெரியாத காட்டில் இருப்பதுபோல ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கீழே கணவரின் அண்ணன் வயரில் மாட்டிய தன் கம்ப்யூட்டரில் ஒழுங்காக இணையம் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் சிக்னல் வந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆக, கோளாறு என்னுடையதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நாளெல்லாம் அந்த ஒரே நினைப்பு. வயிற்றில் குழந்தை உதைக்கும்போது கூட, "இரு, இரு" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன். பயந்துகொண்டு மோட்டுவளையைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் எதையும் தொடாமலே, எங்கள் ரவுட்டரின் பெயர் திரையில் வந்து நின்றது. கடவுச்சொல்லை அடித்தேன். இணைந்தது. குழுவின் பக்கம் திறக்க ஆரம்பித்து, தலைப்பு மட்டும் தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது. பெயரும் காணோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி காலையில் வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது.

"வெள்ளிக்கெழம மட்டும் வேல பாக்குறதுக்கு இதென்ன கோயிலா? கீழ போயி ரவுட்டர என்னன்னு பாருங்க" என்று கணவரை விரட்டினேன்.

போனவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வந்தார். "அண்ணி அதுமேல எவர்சில்வர் அண்டாவக் கவுத்து வச்சிருக்காக. வெள்ளிக்கெழம வீடு கழுவுறப்ப மட்டும் எடுத்துத் தொடைப்பாகளாம். அண்ணங்கிட்ட பல்லி எச்சம் விழும்னு சொல்லியிருக்காக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள்! எவர்சில்வர் பாத்திரத்துக்குள் மூடி வைத்தால் சிக்னல் எப்படி மாடி ஏறும்? இல்லாத கோளாறைத் தேடி நான் படுத்த படுக்கையில் முதுகு நோக உழைத்திருக்கிறேன். "அக்காவ மேல வரச் சொல்லுங்க" என்றேன். என் குரல் அவருக்கே பயமாக இருந்திருக்கும். "சண்ட போடாத, டாக்டரம்மா பதட்டப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா மத்தியானச் சாப்பாட்டோடு வந்தார். தூக்குவாளியை வைத்துவிட்டு, வழக்கம்போலப் போகாமல் நின்றார்.

"எதுக்குக்கா மூடி வச்சீங்க?"

"அதுலருந்து கதிர் வருதாம்ல. அது நேரா இந்தக் கட்டிலுக்குக் கீழதான் இருக்கு. கிரகணத்தன்னிக்கு மாசமானவள வெளிய விடுவமா? அது மாதிரி மூடி வச்சேன்."

"அது ரேடியோ மாதிரிக்கா. ஒண்ணும் பண்ணாது."

"ரேடியோவுல பாட்டு வருது. இதுல என்ன வருதுன்னு இந்தப் பாடு படுற? வேலையா பாக்குற?"

"போயி அண்டாவ எடுத்துட்டு வாங்க, காட்டுறேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, போய் எடுத்துவிட்டு வந்தார். பெயர் வந்தது. பக்கம் முழுசாகத் திறந்தது. நான் இல்லாத மாதங்களில் பலர் என்னைத் தேடி எழுதியிருந்தார்கள். ஒரு பெண் எழுதியிருந்ததை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவளுடைய பையன் இறந்து பிறந்தவன். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவள் ஒரு சட்டை வாங்குகிறாள், அவன் இருந்திருந்தால் என்ன அளவு இருப்பானோ அந்த அளவில். வாங்கி யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "இவுகளுக்கெல்லாம் சொல்லி அழ வீட்டுல ஆருமே இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்கு இருக்காகளா?" என்றேன்.

அவர் திரையில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்து அது அவருக்கு.

"எனக்கும் ஒண்ணு போச்சு தாயி" என்றார். "ஏழு மாசம். இந்த வீட்டுலதான். அத்தை ஊருக்குப் போயிருந்தாக. எனக்கு ஆச தாங்கல. கொத்தனாரக் கூப்புட்டு, ஹால்ல தொட்டிலுக்குக் கொக்கி போடச் சொன்னேன். அவரு வழக்கத்தச் சொன்னாரு, நான்தான் கேக்கல. அடுத்த வாரம் அசைவு நின்னுபோச்சு. அத்தை வந்தாக. கொக்கியப் பாத்தாக. நீதான்டி கொன்ன அப்படின்னாக. சாகுற வரைக்கும் அத விடல. வீட்டுக்கு வாரவுகளுக்கெல்லாம் கொக்கியக் காட்டிக் காட்டிச் சொன்னாக. இவரு ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்புறம் எனக்கு ஒண்ணும் தங்கவே இல்ல."

அந்த வீட்டில் வாழ வந்த எனக்கு ஒருவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன மாமியார், நான் வரும் முன்பே இறந்து போயிருந்தார்.

"கொக்கியாலயா அக்கா போச்சு? நீங்க அத நம்புறீங்களா?"

"நம்புறேனோ இல்லையோ, அது எதுக்கு இப்ப? கொக்கி போடலைன்னாலும் போயிருக்குமோ என்னமோ. ஆனா போச்சுன்னா அதாலதான்னு சொல்லுவாகள்ல? அந்தச் சொல்லு இருக்கே, அது புள்ள போனதவிடக் கொடும. ஒம்மேல அது விழக்கூடாதுன்னுதான் மிஷின எடுக்கச் சொன்னேன். ஓட்டை இல்லைன்னா ஒரு பய ஒன்னய ஒண்ணும் சொல்ல முடியாது."

அன்று அவர் எழுந்து போகும்போது சோறு ஆறிப்போயிருந்தது. அண்டா மறுபடி ரவுட்டர் மேல் ஏறவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அக்கா தையல் துணியோடு மாடிக்கு வந்துவிடுவார். நான் குழுவில் வந்ததைப் படித்துச் சொல்வேன். அவருக்குப் பிடித்த சிலர் இருந்தார்கள். "அந்தச் சட்டைக்காரி எழுதியிருக்காளா?" என்று கேட்பார். ஒருநாள், "என்னையும் எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதில் எழுதிய அத்தனை பேரின் வார்த்தையையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம்புட்டுத் தூரத்துல இருக்காக எல்லாரும்" என்று மட்டும் சொன்னார். என் பயத்தையும் அவரிடம் சொன்னேன். வாயைக் கழுவு என்று அவர் சொல்லவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

போன தடவை குழந்தை நின்றுபோன நாளைத் தாண்டினோம். ஆவணி போய், புரட்டாசி போயிற்று. ஐப்பசியில், விடாத மழை பெய்த ஒரு பகலில், எனக்குப் பனிக்குடம் உடைந்தது. அக்காதான் என்னைத் தாங்கிப் படியிறக்கினார். ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். அழுதான். அந்த அழுகையை நான் கேட்டேன், அந்த மட்டுக்கும் நான் கொடுத்துவைத்தவள். நுரையீரல் வளரவில்லை என்றார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். இந்தத் தடவை நான் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களை அக்கா விலக்கி நிறுத்தினார். அவனை என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். செல்லூரிலிருந்து என் மாமியாரின் தங்கை வந்தார், கூட இன்னும் சில பெண்கள். சின்னத்தை என்று நாங்கள் கூப்பிடும் அவர் கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதார். அது பொய்யழுகை இல்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். குச்சியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இது என்னத்தா, மினுக்கு மினுக்குன்னு எரியுது?"

"நெட்டு, சின்னத்தே."

"வயரக் காணோம்?"

"வயரில்லாம வாரது."

"வயரில்லாமன்னா? காத்துலயா? செல்போன் டவர்ல கதிர் வருதுன்னு சொல்றாகளே, அது மாதிரியா?" அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வயித்துப் புள்ளக்காரி அம்புட்டு நாளும் இதுக்கு முன்னாடியா படுத்துக் கெடந்த?"

மற்ற பெண்களும் திரும்பினார்கள். முதலில் விளக்கைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்துக் கிடந்த எனக்கு, அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. இனி இந்தக் குச்சியைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

காபித் தட்டோடு வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சின்னத்தே. நான்தான் ஆணி அடிச்சேன்."

"என்னடி சொல்ற?"

"கீழ, சாமி படம் மாட்ட. ஞாபகமில்லாம அடிச்சுட்டேன்."

அந்தக் கொக்கிக்குப் பிறகு கீழ் வீட்டில் அவர் ஒரு குண்டூசியைக்கூடச் சுவரில் குத்தியதில்லை. நான் எழ முயன்றேன். அக்கா என்னைப் பார்க்காமலே, போர்வைக்கு மேலாக என் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சின்னத்தை எழுந்து நின்றுவிட்டார். "ஒருக்காப் பட்டும் ஒனக்குப் புத்தி வரலையாடி? ஒம் புள்ளையத் தின்னது பத்தாதுன்னு இவ புள்ளையையும் தின்னுட்டியே பாவி" என்று ஆரம்பித்தவர் லேசில் விடவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இடையில் ஒரு பெண்ணுக்குக் காபி டம்ளரை எடுத்து நீட்டினார். யாரும் அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு, "ஏன்க்கா? ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தினேன். அழுகையில் எனக்கே என் குரல் புரியவில்லை.

"எம்மேல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு" என்றார் அக்கா. "அதோட இதுவும் கெடந்துட்டுப் போகுது. நீ சின்னவ, ஒன்னால தாங்க முடியாது."

சொல்லிவிட்டு, காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.